முதலில் அரமா, கிரைண்டரா?

மாடிப்பட்டறை (கொண்டலாம்பட்டி):
மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட பத்துக்கு எட்டு இடம். ஜன்னல் கம்பி, கேட் கீல், சமையலறைக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டாண்டு என்று வீட்டு வேலைதான். கையில் 6,000 ரூபாய். இரும்பு அறுக்கிற நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரா, பொருளை இறுக்கிப் பிடிக்கிற பெஞ்ச் வைஸும் அரமுமா?

சூரமங்கலம் ஃபிட்டர்:
வைஸ்தான் தம்பி. பிடிமானம் இல்லாமல் கிரைண்டர் வாங்கினால் காலால் மிதித்துக்கொண்டுதான் அறுப்பீர்கள். அப்புறம் சொரசொரப்பான பாஸ்டர்ட் அரம் ஒன்று, நைசான ஸ்மூத் ஒன்று. பல்லில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ராவினால் தூள் அவ்வளவாக அடைக்காது. தள்ளும்போதுதான் அழுத்தம், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும்.

கேட் கடை:
ஃபிட்டர் அண்ணா இன்னும் ஐ.டி.ஐ. முதல் வருஷத்திலேயே இருக்கிறார். ஆங்கிளில், அதாவது எல் வடிவக் கம்பியில், எட்டுத் துண்டு போட வேண்டுமென்றால் அரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டிங் வீலில் துண்டுக்கு அரை நிமிஷம்.

சூரமங்கலம் ஃபிட்டர்:
துண்டு போட ஹேக்ஸா, இரும்பு அறுக்கும் கை ரம்பம், இருக்கிறதே. 3 மி.மீ. ஆங்கிளுக்கு இஞ்சுக்கு 24 பல், மெல்லிய குழாய்க்கு 32. குழாயில் 18 பல் பிளேடை வைத்தால் மாட்டிக்கொண்டு பல் பெயரும். கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. அந்த நாலு இஞ்ச் வீலின் விளிம்பு மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. புதுக் கையில் அதைக் கொடுக்கச் சொல்கிறீர்கள், அதுவும் வீலை மறைக்கிற கார்டைக் கழற்றிவிட்டு. உங்கள் பையன்கள் அப்படித்தானே?

கேட் கடை:
கழற்றுவது தப்புதான். போன ஆடியில் 1 மி.மீ. கட்டிங் வீலைப் பக்கவாட்டில் வைத்துப் பிசிறு தேய்த்தேன். சில்லு தெறித்து, போட்டிருந்த கண்ணாடியில் கீறல். அதற்கு மெஷின் என்ன செய்யும், என் அவசரம்.

ஏற்காடு மூடுபனி:
அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டாண்டை ரெண்டு அண்ணன்களும் விட்டுவிட்டீர்கள். ஸ்டெயின்லெஸ் செய்கிற உருக்காலை இருக்கிற சேலத்துக்கு இதை நான் மலை மேலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

304 என்கிற ஸ்டெயின்லெஸ் ரகத் தகட்டில் ஓட்டை போடக் கை ட்ரில்லை முழு வேகத்தில் விட்டேன். கீச்சென்று சத்தம், புகை, பிட் முனை நீலம் பாய்ந்துவிட்டது. தகட்டில் பளபளவென்று ஒரு குழி மட்டும். வெட்டாமல் தேய்க்கத் தேய்க்க அந்த இடம் இறுகிப்போகும். பிறகு புது பிட்டும் லேசில் இறங்காது. 5 மி.மீ. பிட்டுக்கு 1,000 சுற்றுக்குள் போதும், என் ட்ரில் ஓடியதோ 2,800. இப்போது வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, விடாமல் அழுத்துகிறேன்; சுருள் சுருளாக வருகிறது. ஆகவே வேகம் மாற்றக்கூடிய ட்ரில் என்பது என் ஓட்டு. இரும்பு அறுத்த வீலை ஸ்டெயின்லெஸ்ஸில் வைக்காதீர்கள், இரும்புத்தூள் ஒட்டிப் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். இங்கே பனிக்கு அரமே துருப்பிடிக்கிறது. டப்பாவில் கற்பூரம் போட்டு வைக்கிறேன்.

கேட் கடை:
கற்பூரமா? ஆரத்தியும் உண்டா அக்கா?

மாடிப்பட்டறை:
சரி. வைஸ், ஹேக்ஸா, ஒரே ஒரு அரம், வேகம் மாற்றும் ட்ரில். காசு அதோடு தீர்ந்தது. நிறைய துண்டு இருந்தால் கேட் கடை அண்ணாவிடமே வருகிறேன்.

கேட் கடை:
வாங்க. துண்டுக்குப் பத்து ரூபாய். பிசிறை நீங்களே ராவிக்கொள்ளுங்கள், அதான் அரம் வாங்குகிறீர்களே.