பாதையின் தொடக்கத்தில் வரும் ~ குறியை நிரலில் எப்படிக் கையாள்வது?

கேள்வி:
வணக்கம். பைத்தானில் நான் எழுதிய நிரல், பதிவுகளைச் சேமிக்கும் இடத்தை ஓர் அமைப்புக் கோப்பிலிருந்து படித்துக்கொள்கிறது. அதில் ~/பதிவுகள் என்று கொடுத்திருந்தேன் (டெர்மினலில் ~ என்பது ஹோம் டைரக்டரியை, அதாவது பயனருக்கே உரிய கோப்புறையைக் குறிக்கும்). பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் ஹோம் டைரக்டரியிலும் ஒன்றும் சேரவில்லை. தேடிப் பார்த்தபோது, நிரலை இயக்கிய இடத்திலேயே ~ என்ற பெயரில் ஒரு கோப்புறை முளைத்திருந்தது. டெர்மினலில் செல்லுபடியாகும் பாதை நிரலுக்குள் ஏன் செல்லவில்லை? ~ வரும் இடமெல்லாம் ஹோம் டைரக்டரியின் பாதையை ரீப்ளேஸ் செய்துவிடலாமா?

பதில் 1:
நண்பரே, முதலில் அந்தக் கோப்புறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை நீக்குவதற்காக ஆர்எம் கட்டளைக்கு வெறும் ~ என்று கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஹோம் டைரக்டரி முழுவதும் அழிந்துவிடும். ./~ என்று கொடுங்கள்.

~ குறியை ஹோம் டைரக்டரியின் முழுப் பாதையாக விரித்துக் கொடுப்பது, டெர்மினலில் நாம் தரும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்தான். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு அது மற்ற எழுத்துகளைப் போல ஓர் எழுத்து மட்டுமே. டெர்மினலில் தட்டும்போது ஷெல் அதை மாற்றிய பிறகே நிரலிடம் தருகிறது. அமைப்புக் கோப்பை நிரல் நேரடியாகப் படிப்பதால் இடையில் ஷெல் வருவதில்லை. டெர்மினலிலும்கூட மேற்கோளுக்குள் இட்டால் ~ விரியாது; பாஷ் என்ற ஷெல்லில் --இடம்=~/பதிவுகள் என்பது போல ஒட்டி எழுதினாலும் விரியாது.

பதில் 2:
ரீப்ளேஸ் வேண்டவே வேண்டாம். சில எடிட்டர்கள் உருவாக்கும் காப்பு நகல்களின் பெயர் ~ குறியில் முடியும். நீண்ட கோப்புப்பெயர்களுக்கு விண்டோஸ் தரும் குறும்பெயர்களில் அது நடுவிலும் வரும். பாதையின் தொடக்கத்தில் வந்தால் மட்டுமே அதற்குத் தனிப்பொருள் உண்டு. ~ குறியை அடுத்து ஒரு பயனர்பெயர் வந்தால் அது அந்தப் பயனருடைய ஹோம் டைரக்டரியைக் குறிக்கும் என்பதையும் ரீப்ளேஸ் அறியாது.

இவற்றையெல்லாம் பைத்தானில் உள்ள எக்ஸ்பாண்ட்யூசர் என்ற செயற்கூறு பார்த்துக்கொள்ளும். யூனிக்ஸில் அது முதலில் ஹோம் என்ற சூழல் மாறியை (நிரலுக்கு வெளியிலிருந்து வரும் பெயரிட்ட மதிப்பை) பார்க்கும். அது இல்லையென்றால் பயனர் கணக்குத் தரவிலிருந்து எடுக்கும். விண்டோஸில் பைத்தான் 3.8 முதல் ஹோம் மாறியை விட்டுவிட்டு யூசர்புரொஃபைல் மாறியைப் பயன்படுத்துகிறது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஹோம் டைரக்டரியைக் கண்டறிய முடியாதபோது, பைத்தானின் ஓஎஸ்.பாத் என்ற தொகுதியில் உள்ள எக்ஸ்பாண்ட்யூசர் பாதையை அப்படியே திருப்பித் தந்துவிடும். நீங்கள் பட்ட அதே பாடு மீண்டும் வரும். பாத்லிப் என்ற தொகுதியில் உள்ளதோ ரன்டைம்எரர் என்ற பிழையை எழுப்பி நிறுத்திவிடும். ஆகவே பாத்லிப்பையே பரிந்துரைக்கிறேன். அமைப்புக் கோப்பைப் படித்த உடனே ஒரே ஒரு முறை விரித்து, அதன்பின் முழுப் பாதையை மட்டும் நிரலுக்குள் புழங்கவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கோப்புறைக்குள் இருந்த பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ./~ என்று கொடுத்து அதை நீக்கிவிட்டேன். படிக்கும் இடத்திலேயே பாத்லிப்பால் விரித்த பிறகு பதிவுகள் உரிய இடத்தில் சேர்கின்றன.