பழைய கப்பலின் கன்ட்ரோல் போர்டு: கப்பலிலேயே பழுது பார்க்கலாமா?

ஈடிஓ_தூத்துக்குடி:
2004-இல் கட்டிய பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) ஈடிஓவாக, அதாவது மின் அதிகாரியாக இருக்கிறேன். இரண்டாம் ஜெனரேட்டரின் வோல்டேஜ் நிலையில்லாமல் ஏறி இறங்கியது. ஏவிஆர் (ஜெனரேட்டரின் வோல்டேஜைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) போர்டைக் கழற்றினால் இரண்டு எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. அதே மதிப்பில் 105 டிகிரி சூடு தாங்கும் வகை போட்டேன், வோல்டேஜ் நிலையாகிவிட்டது. ஆபீஸில் "போர்டில் சால்டரிங் வேண்டாம், புதுசு வாங்கு" என்கிறார்கள். அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்த மாதிரி போர்டைக் கப்பலிலேயே சரி செய்வதுதான் முறை என்கிறேன்.

பழைய_சீஃப்:
தம்பி, இன்னொரு ஜெனரேட்டரோடு பேரலலில் போட்டுப் பார்த்தீர்களா? தனியாக ஓடும்போது 440 வோல்ட் அசையாமல் நிற்கும். இரண்டு மெஷினும் சேர்ந்ததும் ட்ரூப் செட்டிங் (லோடு ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்ற அமைப்பு) பொருந்தாமல் ஒன்றே ரியாக்டிவ் லோடு (மோட்டார்களின் காந்தப்புலத்துக்குப் போகும் மின்சுமை) முழுவதையும் இழுத்துக்கொள்ளும், பிரேக்கர் விழும். ஆற்றுக்குள் பைலட்டோடு (வழிகாட்டும் உள்ளூர் மாலுமி) போகும்போது அது நடந்தால்? 2010 செப்டம்பரில் பார்சிலோனாவை நெருங்கிய குயின் மேரி 2-இல் ஹார்மோனிக் ஃபில்டரின் (மின் அலையின் சிதைவை வடிகட்டும் கருவி) கெபாசிட்டர் வெடித்து, நான்கு புரொபல்ஷன் மோட்டாரும் நின்று, கப்பலே இருண்டது. கெபாசிட்டரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈடிஓ_தூத்துக்குடி:
பேரலலில் ஓட்டினேன் சார், பவர் ஃபேக்டர் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது, அதாவது ரியாக்டிவ் லோடு சரியாகப் பிரிந்தது. போர்டில் செட்டிங் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்களின் பழைய நிலையை முன்பே போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அப்புறம், குயின் மேரி சம்பவம் என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே யாரும் பழுது பார்த்து வெடிக்கவில்லை. கெபாசிட்டர் கெடுவதைக் காட்ட வேண்டிய பாதுகாப்பு வேலை செய்யாமலே கிடந்தது. திறந்து அளந்து பார்க்கிற ஆள் வேண்டும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி?

அலங்_பார்ட்டி:
நானும் ஈடிஓ பக்கம். "புதுசு" என்று பெட்டியில் வருவதில் சில, குஜராத்தின் கப்பல் உடைக்கும் இடமான அலங்கில் உடைத்த கப்பலில் கழற்றி பாவ்நகர் கடை வழியாக வந்தவை. துடைத்துப் புதுக் கவரில் போட்டிருப்பார்கள், உள்ளே கெபாசிட்டருக்கு உங்கள் கப்பலின் வயதுதான். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எஞ்சின் ரூமில் இருபது வருடம் வெந்ததைக் காசு கொடுத்து வாங்குவதற்கு, நம் போர்டில் புதுக் கெபாசிட்டர் போடுவதே மேல்.

இன்னொன்று. போர்டைக் குறை சொல்லும் முன் டெர்மினலில் (வயர் மாட்டும் இடம்) வயரை இழுத்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் டாலி கப்பல் பால்டிமோர் பாலத்தில் மோதி ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கப்பலில் முதலில் மின்சாரம் போனதற்குக் காரணம் ஒரு சிக்னல் வயர். அதன் லேபிள் பட்டை தடுத்ததால் வயர் டெர்மினலுக்குள் முழுசாக உட்காரவில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். போர்டு மாற்றும்போது நாம் தினமும் செய்கிற வேலைதான் அது.

எம்இ_எஞ்சின்:
எலக்ட்ரானிக் எஞ்சினில் இந்தச் சண்டையே இல்லை. எம்பிசி (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் யூனிட்) போனால் ஸ்பேரை மாட்டுவோம். அது எந்த வேலைக்கான யூனிட் என்று கேபினட்டில் இருக்கும் டாங்கிளே (அடையாளச் சாவி போன்ற சிறு செருகி) சொல்லிவிடும். யாரும் சால்டரிங் அயர்னை எடுப்பதில்லை.

பழைய_சீஃப்:
ஸ்பேர் கிடைக்கும்வரை அது சரி. ஏவிஆர் விஷயத்தில் தம்பி முறையாகத்தான் செய்திருக்கிறார், ஆனால் கம்பெனி சூப்பரின்டென்டன்ட்டுக்கு எழுதி, கிளாஸ் சர்வேயரிடமும் (கப்பலின் தகுதிக்குச் சான்று தரும் அமைப்பின் ஆய்வாளர்) காட்டிவிடுங்கள். ஸ்டியரிங் கியர் (சுக்கானைத் திருப்பும் இயந்திரம்) போர்டு என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். கிளம்புவதற்கு 12 மணி நேரத்துக்குள் நாம் செய்யும் சோதனையில் கப்பல் கரையில் கட்டியபடி நிற்கிறது, சுக்கானில் தண்ணீரின் அழுத்தம் இல்லை, போர்டும் சூடாகவில்லை. அதில் தேறிய போர்டு நடுக்கடலில் ஆறு மணி நேரம் கழித்துக் கைவிடாது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஈடிஓ_தூத்துக்குடி:
சூடேற்றி எட்டு மணி நேரம் பெஞ்சில் ஓட்டினால்?

பழைய_சீஃப்:
பெஞ்சில் கப்பலின் அதிர்வு இல்லையே. ஸ்டியரிங்குக்குப் புது போர்டு, பழையது ஸ்பேர்.