கொடைக்குத் திரையிட ஆவணப்படம் வேண்டும், உதவுங்கள்

வணக்கம் மக்களே. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர்க் கொடையில் (கோயில் திருவிழாவில்), வில்லுப்பாட்டு தொடங்கும் முன் அரசுப் பணத்தில் எடுத்த ஆவணப்படம் இரண்டைத் திரையிட ஆசை. பாட்டு, கவிதை, சாதி எதிர்ப்பு, எதுவானாலும் சரி. 1976-இல் தமிழக அரசும் சேர்ந்து தயாரித்த, பரதக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றிய சத்யஜித் ராயின் ‘பாலா’ நினைவுக்கு வந்தது. ஆனால் பரதத்துக்கு எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அரை மணி நேரம் உட்காரமாட்டார்கள்!

மத்திய அரசுக்காக ஆவணப்படங்கள் எடுத்துவந்த பிலிம்ஸ் டிவிஷன் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்துவிட்டது. அங்கே திரையிட அனுமதி வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? எத்தனை நாள் ஆகும், கட்டணம் எவ்வளவு? அப்புறம், தமிழ்க் குரல் கட்டாயம் வேண்டும். எங்கள் ஆச்சிமார் எழுத்தை வாசித்துக்கொண்டு படம் பார்க்கமாட்டார்கள். கொடை ஆடி கடைசிச் செவ்வாய்.