சிங்கப்பூர் – நியூயார்க் நேர் விமானம்: 15,300 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

மகளுக்குப் பிரசவம் என்று போன மார்ச்சில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை நேராகப் போனேன். தூரம் ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும், அப்படியானால் 17 மணி நேரம் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். டிக்கெட்டில் 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருந்தது. ஏறின பிறகுதான் விளங்கியது. உலக உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நூல் பிடித்தால் அது வட துருவத்தை ஒட்டிப் போகும், ஆனால் எங்கள் விமானம் ஜப்பான் பக்கமாகப் போய் பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவுக்குள் நுழைந்தது. மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் சுற்று வழிதான் லாபம் என்று பணிப்பெண் சொன்னார். திரையில் வேகம் 1,000-ஐத் தாண்டியதை நானே பார்த்தேன்.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி, நடுவில் ஒரு சின்னப் பகல் வந்து போய், மறுபடி இருட்டி, இறங்கும்போது விடியல். அந்தந்த ஊர்க் கடிகாரத்தைக் கேட்டால் ஆறு மணி நேரம்தான் என்கிறது, கால் வீக்கம் வேறு கணக்குச் சொல்கிறது. திரும்பி வந்தது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, அதுவும் கிழக்கு நோக்கியேதான். கிழக்கே போய்க்கொண்டே இருந்து உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வீடு வந்து சேர்ந்திருக்கிறேன், நினைத்தால் இன்னும் சிலிர்க்கிறது.

* * *

அக்கா, காற்று விஷயம் நூற்றுக்கு நூறு சரி. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் வழியாக அனுப்பியபோது தூரம் 13,900-லிருந்து 15,300 கிலோமீட்டராகக் கூடியது, நேரமோ இரண்டு மணி நேர அளவுக்குக் குறைந்து பதினாலரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது! நான் ஓசூர், அதனால் பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நேராகப் போய்க்கொண்டிருந்தேன். மதியம் ஏறினால் அதே தேதி மாலையில் இறங்கிவிடுவேன். அம்மாவை முதல் தடவை கூட்டிப் போனபோது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுப்பி நடக்க வைத்தேன், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கால் வீங்கவே இல்லை. அடுத்த முறை நடைபாதை ஓர இருக்கை எடுங்கள்.

* * *

எனக்கு பின்லாந்தின் ஹெல்சின்கி – டோக்கியோ வழி. முன்பு ரஷ்யாவுக்கு மேலே ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடுவோம். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடிய பிறகு அதே இரண்டு ஊருக்குப் பதின்மூன்று மணி நேரம். ஊர்கள் நகரவில்லை, வழிதான் அடைபட்டது. ஆனால் அப்புறம் போன ஒரு பயணத்தில் விமானம் வட துருவத்தின் மேலேயே போனது. எல்லோருக்கும் துருவத்தைக் கடந்ததாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். என் பையன் அதைப் பள்ளி நோட்டு அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான்.