எக்ஸ்எஸ்எல்டி: வேரியபிளில் ஃபால்ஸ் இருந்தும் இஃப் உள்ளே நுழைகிறது, ஏன்?

கேள்வி
பிஎச்பியில் பொருள் பட்டியல் எக்ஸ்எம்எல்லை எக்ஸ்எஸ்எல்டி மூலம் ஹெச்டிஎம்எல் பக்கமாக மாற்றுகிறேன். சலுகை உள்ள பொருளுக்கு மட்டும் சிவப்புப் பட்டை வர வேண்டும், ஆனால் எல்லாப் பொருளுக்கும் வருகிறது. 'காட்டு' என்று ஒரு வேரியபிள், அதன் திறக்கும் டேகுக்கும் மூடும் டேகுக்கும் நடுவே ஒரு சூஸ் (நிபந்தனை பார்த்து ஒன்றைத் தேர்வது), சலுகை இருந்தால் ட்ரூ, அதர்வைஸில் ஃபால்ஸ். கீழே இஃப்பின் டெஸ்டில் வெறும் டாலர் காட்டு. வேரியபிளை அச்சிட்டால் ஃபால்ஸ் என்றுதான் வருகிறது, அப்புறம் எப்படி உள்ளே போகிறது? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1
நீங்கள் அச்சிட்டது அதன் எழுத்தை. இஃப் எழுத்தைப் படிப்பதில்லை. மதிப்பைத் தரும் செலக்ட் அட்ரிபியூட் இல்லாமல் டேகுகளுக்கு நடுவே எழுதினால் வேரியபிளில் உட்காருவது ஒரு குட்டி மரம், ரிசல்ட் ட்ரீ ஃப்ராக்மெண்ட் என்பார்கள். பிஎச்பி பயன்படுத்தும் லிப்எக்ஸ்எஸ்எல்டி நூலகம், 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 விதிப்படி நடப்பது. அதில் மரம் என்றால் ஒரு வேர் நோடு (மரத்தின் கணு) உண்டு, நோடு இருந்தாலே ட்ரூ, உள்ளே என்ன எழுதியிருந்தாலும் சரி. சூஸைத் தூக்கிவிட்டு, செலக்டிலேயே 'சலுகை அட்ரிபியூட் சமம் ஆம்' என்று எழுதுங்கள், நிஜ பூலியன், அதாவது உண்மையான ட்ரூ அல்லது ஃபால்ஸ் மதிப்பு, கிடைக்கும். செலக்டில் ஃபால்ஸ் என்று மேற்கோளுக்குள் போட்டாலும் வேலைக்கு ஆகாது, காலியாக இல்லாத ஸ்டிரிங் எல்லாம் ட்ரூதான். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டுக்கும் பின்னால் அடைப்புக்குறி கட்டாயம். விட்டுவிட்டால் அந்தப் பெயரில் எலிமெண்ட் இருக்கிறதா என்று தேடும்.

கேட்டவர்
பட்டை சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! இன்னொன்று: 'இருப்பு' பூஜ்ஜியம் இல்லையென்றால் வாங்கும் பட்டன் வர வேண்டும், ஆச்சரியக்குறி சமம் போட்டிருக்கிறேன். இருப்பு அட்ரிபியூட்டே இல்லாத பொருள்களுக்கும் பட்டன் வேண்டும், அவற்றுக்கு மட்டும் வரவில்லை.

பதில் 2
இதில் நானும் மாட்டியிருக்கிறேன். அட்ரிபியூட் இல்லையென்றால் ஒப்பிட நோடே கிடையாது, அதனால் சமம் போட்டாலும் ஃபால்ஸ், சமமில்லை போட்டாலும் ஃபால்ஸ். நாட் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 'இருப்பு சமம் பூஜ்ஜியம்' போடுங்கள், பட்டன் வந்துவிடும்.

இருப்பு பூஜ்ஜியமாக உள்ள பொருளுக்கும் பட்டன் வந்துவிட்டால், இஃப்புக்கு மேலே ஒரு எக்ஸ்எஸ்எல் மெசேஜ் (ஓடும்போது செய்தி அச்சிடுவது) வைத்து, மதிப்பின் இரு பக்கமும் சதுர அடைப்புக்குறி போட்டு, கமாண்ட் லைனில் லிப்எக்ஸ்எஸ்எல்டியின் கருவியான எக்ஸ்எஸ்எல்டிபிராக் ஓட்டிப் பாருங்கள். என் கோப்பில் பூஜ்ஜியத்துக்கும் மூடும் அடைப்புக்குறிக்கும் நடுவே ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது, ஓரத்து இடைவெளிகளை நீக்கும் நார்மலைஸ் ஸ்பேஸ் போட்டதும் போய்விட்டது.