குருசடைத் தீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? பாம்பன் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை மதுரையிலிருந்து ராமேஸ்வரம் கூட்டிப் போகிறோம். புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அப்புறம் தனுஷ்கோடி. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு இருக்கிறது என்கிறார்கள், அதிலும் போகலாமா என்று யோசிக்கிறோம். இங்கேதான் வீட்டில் சண்டை. என் அண்ணன், "அது தேசியப் பூங்கா, ஆள் கால் வைப்பதே தப்பு" என்கிறார். என் தோழியோ, "டிக்கெட் காசு வந்தால்தானே தீவைக் காப்பாற்ற முடியும்" என்கிறாள். இரண்டும் சரியாகத்தான் படுகிறது. அங்கேயே இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீலக்கடல்:
தாராளமாகப் போங்கள். அனுமதி உள்ள படகில்தானே போகிறீர்கள். காற்று அதிகம் என்றால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் கிளம்பினால் தண்ணீர் தெளிவாக இருக்கும். பிளாஸ்டிக் எதுவும் கொண்டுபோக வேண்டாம்.

சின்னப்பாலம் மகள்:
அக்கா, எங்கள் ஊர்க் கரையில் நின்றால் குருசடை எதிரிலேயே தெரியும். என் அம்மா பத்து வயதிலிருந்து அந்தப் பக்கத்துக் கடலில் பாசி எடுத்தவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சைப் பிடித்து முங்குவார். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. மரிக்கொழுந்தைக் காயவைத்து விற்றால் உங்கள் மதுரைப் பக்கத்து அகர் ஆலைகளுக்குத்தான் போகும். நோன்பு நாளில் காய்ச்சும் கடல்பாசியில் எங்கள் ஊர்ப் பெண்களின் மூச்சும் இருக்கிறது.

1986-இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்பு அம்மாவும் மற்ற பெண்களும் தீவில் ஒதுங்கிக் கஞ்சி குடித்துவிட்டு மறுபடி கடலில் இறங்குவார்களாம். பூங்கா ஆன பிறகு தீவில் கால் வைத்தால் குற்றம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒருநாள் அம்மா வெறுங்கையோடு வந்தார். யாரோ ஓர் அதிகாரி பாசி மூட்டையைப் பிடுங்கிக் கடலில் கொட்டிவிட்டாராம். காலையிலிருந்து முங்கி எடுத்தது. அன்றைக்கு இரவு அவர் பேசவே இல்லை.

பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் பவளக்கல்லை வெட்டி வெட்டித்தான் அவை போயின. அந்த வேலைக்குப் போனதும் கடற்கரை ஆட்கள்தான், அதை மறைக்க மாட்டேன். சட்டம் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை போயிருக்குமோ.

ஆனால் எங்கள் பெண்கள் தாங்களாகவே சில கட்டுப்பாடுகள் வைத்தார்கள். இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும். கோடையில் பாசி மறுபடி வளர விட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும். கூட்டம் போட்டுப் பேசி, வயிற்றைக் கட்டிச் செய்த முடிவு அது. அம்மா அந்தக் கட்டுப்பாட்டை ஒரு நாளும் மீறியதில்லை.

இதே கடலில் மேலிடத்திலிருந்து வந்தவற்றையும் பாருங்கள். 1995-இல் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மண்டபத்தில் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அதை மீனவப் பெண்களுக்குப் பிழைப்பாகக் கொடுத்தார்கள். 2008-இல் அது குருசடையில் உயிருள்ள பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டு வளர்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதைக் கையால் பிய்த்து எடுக்கும் வேலை ஓயவில்லை. 2005-இல் கப்பல் போகக் கடலை ஆழப்படுத்தும் சேது சமுத்திரத் திட்டம் தொடங்கியபோது ராமர் கட்டிய பாலமா, மணல் திட்டா என்று நாடே சண்டை போட்டது. ஆழப்படுத்தினால் கலங்கும் சேறு எந்தப் பவளத்தில் படியும், கடற்புல் போய்விட்டால் ஆவுளியா என்ற கடற்பசு எதை மேயும், நாட்டுப்படகுக்காரன் எங்கே வலை விடுவான்? கடற்கரையில் இதைக் கேட்டவர்களின் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. 2023-இல் சட்டமன்றத்தில் மறுபடி தீர்மானம் போட்டபோதும் எங்கள் கரையில் வந்து கேட்டவர் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கினவர் இறங்கும் படித்துறையில் என் அம்மா இறங்க முடியாது. எனக்கு வலிப்பது இதுதான். உங்கள் மேல் கோபம் இல்லை அக்கா. பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். 2010, 2016, 2024 என்று கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப்போன கதையைக் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டால் அவர்களுக்கு மறக்காது. ஆனால் எந்தக் கல் உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று கால் வைக்காமலே சொல்லத் தெரிந்த பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் படகில் வழிகாட்டியாக அவர்கள் உட்கார வேண்டும், எத்தனை பேர் வரலாம் என்று முடிவு செய்யும் இடத்திலும் உட்கார வேண்டும். அங்கே போகும்போது இதைக் கேளுங்கள். வெளியூர்க்காரர் கேட்டால் காதில் விழும்.

பழைய வேன்:
தங்கச்சி சொன்னது முழுக்க உண்மை. நான் தனுஷ்கோடி மணலில் வேன் ஓட்டினவன். 1964 புயலில் ஊர் போனபின் அங்கே ரோடு கிடையாது. தண்ணீரிலும் மணலிலும் எங்கள் வேன்தான் போகும். 2017-இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்தார்கள். அரசியல்வாதிகளுக்கு அது சாதனை. எங்களுக்குப் பிழைப்பு போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. இன்றைக்கு லீவு நாளில் போய்ப் பாருங்கள், முனை முழுக்கக் கார். ஜனவரியிலிருந்து ஆமை முட்டையிட வரும் கரை அது. பூநாரைகளும் அந்த மாதங்களில்தான் ஆழமில்லாத தண்ணீரில் நின்று மேயும். போட்டோவுக்காக அதை விரட்டிப் பறக்க விடுகிறார்கள்.

2025 ஜூனில் 525 ஹெக்டேர் அளவுக்குப் பூநாரைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் சரணாலயம் என்றதும் எங்கள் ஆட்களுக்கு நடுக்கம், கரைவலை இழுக்கக்கூடாது என்பார்களோ, சங்குக் கடையை எடுக்கச் சொல்வார்களோ என்று. தனுஷ்கோடிக்கு முன்னால் உள்ள முகுந்தராயர் சத்திரத்தில் எல்லாக் காரையும் நிறுத்திவிட்டு, அங்கிருந்து உள்ளூர் வண்டியில்தான் போக வேண்டும் என்று வையுங்கள். கூட்டமும் அளவாகும், எங்களுக்கும் வேலை கிடைக்கும். இருட்டின பிறகு விளக்கு வெளிச்சமும் இருக்காது. இதை நான் எத்தனையோ கூட்டத்தில் சொல்லியாயிற்று.

சின்னப்பாலம் மகள்:
அண்ணன் சொன்ன வண்டி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சங்குக் கடை விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன் அண்ணா. தடை செய்த சிப்பிகளும் சில கடைகளில் விற்கின்றன, நமக்கே தெரியும். கரைவலை வேறு, இது வேறு.

பழைய வேன்:
தெரியும் தங்கச்சி. விற்பவனுக்கு வேறு தொழில் காட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். நானும் கூட வந்து சொல்கிறேன்.

வைகைக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணனிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன், வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. குருசடைக்குப் போகிறோம், படகில் ஏறுமுன் உங்கள் கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்போம். தனுஷ்கோடிக்கு எங்கள் வேனைக் கொண்டுபோகாமல் பஸ்ஸில் போகிறோம். சிப்பி வாங்குவதில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். தங்கச்சி, உங்கள் அம்மாவைப் பிள்ளைகள் பார்க்கலாமா?

சின்னப்பாலம் மகள்:
வாங்க அக்கா. தை அமாவாசையை ஒட்டி வேண்டாம், ராமேஸ்வரம் தீவு முழுக்கக் கூட்டமாக இருக்கும். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, கடலில் இறங்குவதில்லை. ஆனால் காய்ந்த பாசியில் கல்லும் சிப்பியும் பொறுக்குவது இன்னும் அவர்தான். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுக்கச் சொல்லிக் கொடுப்பார். காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்குமேல் மணல் சுடும்.