டர்போ ரிட்டர்ன் ஹோஸும் நீலப் புகையும்

கேள்வி: பழைய சிவிக், டி16 இன்ஜின். தனியாக வாங்கி மாட்டிய டர்போ. ஐடிலில் ரெண்டு நிமிஷம் நின்றாலே நீலப் புகை. டர்பைன் பக்கம் ஆயில் ஈரம். சீல் போய்விட்டதா? ரிட்டர்ன் ஹோஸ் (டர்போவிலிருந்து ஆயில் இன்ஜினுக்குத் திரும்பும் குழாய்) அரை இன்ச். ஏசி கம்ப்ரெசர் மேல் லேசாக ஏறி இறங்குகிறது.

பதில்: சீலைத் திட்டாதீர்கள் அண்ணா, அந்த ஏற்றம்தான் சந்தேகம். டர்போவை விட்டு வரும் ஆயிலைத் தள்ள அழுத்தம் கிடையாது. நுரையோடு தானாக வழிய வேண்டும். 10 ஏஎன் லைன் (உங்கள் அரை இன்ச்சை விட அகலமான ஹோஸ் அளவு) போட்டு, நேராகக் கீழே இறக்குங்கள். சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். நான் முதல் தடவை மட்டத்துக்குக் கீழே ஓட்டை போட்டுவிட்டு, ஒரு மாதம் கொசு மருந்து வண்டி மாதிரி சுற்றினேன்.

கேட்டவர்: சம்ப்பைக் கழற்றாமல் துளை போடலாமா?

பதில்: பிட்டில் கிரீஸ் தடவிப் போடுபவர்கள் உண்டு. எனக்குத் தைரியமில்லை, இரும்புத் தூள் உள்ளே நின்றால் ஆயில் பம்ப் காலி. கழற்றி, பங் (ஹோஸை இணைக்கும் வளையம்) வெல்ட் வைத்து, பெட்ரோலில் கழுவி மாட்டினேன்.

இன்னொருவர்: ரிட்டர்னுக்கு கூலன்ட் ஹோஸ் (ரேடியேட்டர் தண்ணீருக்கான ரப்பர் குழாய்) வேண்டாம், ஆயிலில் ஊறிப்போகும். அப்புறம் பிசிவி வால்வை (கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினின் கீழ்ப்பகுதியில் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) பாருங்கள். அது அடைத்துக் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் எந்த ஹோஸிலும் ஆயில் இறங்காது.